மறைத்து வைத்த இரண்டு வரிசைகள்

புரொஜெக்டரிலிருந்து சுவரில் விழுந்த அட்டவணையின் மேல்விளிம்பில் ஏ, பி, சி என்று எழுத்துகள் வந்து, அடுத்ததாக எஃப் நின்றது. மணி பத்து ஐம்பது. பத்தொன்பது பெண்கள் ஆளுக்கொரு கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சராசரி என்றால் என்ன என்று மேடம் விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. டியும் ஈயும் எங்கே போயின என்று எனக்குத் தெரியும். மறைத்தது நான்தான்.

நூலகத்தின் மாடியில் இரண்டு நாள் வகுப்பு. நிரல் எழுதுவதையும் தரவைப் படிப்பதையும் பெண்களுக்கு முதல்முறையாக அறிமுகப்படுத்துவது. யாருக்காவது திரை நின்றுபோனால் பின்னாலிருந்து போய் உதவுவது என் வேலை. முன்னால் நின்று பேச வேண்டியதில்லை என்று சொன்னதால்தான் ஒத்துக்கொண்டேன். நேற்று மேடம், "புத்தகத்துல இருக்கிற கணக்கு போரடிக்கும்மா. அவங்க விண்ணப்பத்துல எழுதினதையே ஒரு அட்டவணையா போட்டுக் குடு. அவங்களைப் பத்தின்னா ஆசையா பண்ணுவாங்க" என்றார். வீடு எவ்வளவு தூரம், வர எத்தனை நிமிடம், எத்தனை மணி நேரத் தூக்கம் என்று போட்டேன். விண்ணப்பத்தில் பெயரும் இருந்தது. 'வீட்டில் சம்மதமா?' என்ற கேள்விக்கு அவர்கள் எழுதிய பதிலும் இருந்தது. அந்த இரண்டு வரிசைகளையும் அழித்திருக்க வேண்டும். மறைத்து மட்டும் வைத்தேன். எதையும் அழிக்க எனக்குப் பயம். வேதியியல் படித்த மூன்று வருடமும் தவறாக எழுதிய அளவைக்கூட ஒற்றைக் கோடு போட்டுப் படிக்கிற மாதிரியே விட வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். அப்படியே நேற்று சாயங்காலம் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். எழுத்தின் மேல் மவுசின் வலது பொத்தானை அழுத்தினால் போதும், இரண்டும் திறந்துகொள்ளும்.

பதினான்காவது வரி எனக்கு மனப்பாடமாக இருந்தது. 'தெரியாது. தையல் வகுப்புன்னு சொல்லியிருக்கேன். அண்ணனுக்குத் தெரிஞ்சா காலேஜையும் நிறுத்திடுவாங்க.'

அதை எழுதியவள் வாசலுக்குப் பக்கத்துக் கணினியில் இருந்தாள். அவளும் அவளுடைய பெரியப்பா மகளும் ஒரே வீட்டிலிருந்து வருகிறார்கள். மூன்று மாதம் மூத்தவளைப் பெரியவள் என்றும் இவளைச் சின்னவள் என்றும் வகுப்பே கூப்பிட்டது. பெரியவளுக்கு வீட்டில் தடை இல்லை. சின்னவள் பையில் பாதி தைத்த தலையணை உறையோடு வந்திருந்தாள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் விசைப்பலகையில் அவள் கை நின்று, ஆள் தெரிந்த பிறகுதான் மறுபடி ஓடும். நேற்று அவளுடைய முதல் நிரல் பிழை காட்டியபோது, பயந்துவிடுவாளோ என்று ஓடினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "எங்க தப்புன்னு இதுவே சொல்லுது பாருங்கக்கா. திட்டாமச் சொல்லுது" என்றாள்.

இடைவேளையில் மேடத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

மேடம் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார். "சரி, புதுசா ஒண்ணு அனுப்பிடு. பழசைப் பத்திப் பேசாத. சொன்னாத்தான் போய்த் தேடுவாங்க. நேத்துதான் மவுசையே பிடிச்ச பிள்ளைங்க, இதெல்லாம் யாரு பார்க்கப் போறா?"

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. புதியதை அனுப்பினேன். தண்ணீர் குடித்தேன். மேசையில் கொட்டிய அமிலத்தின் மேல் சோடாப்பொடி தூவியதுபோல எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

பெரியவள் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, அந்த ஃபைலை வச்சு வரைபடம் போடுற வீட்டுப்பாடம் இன்னைக்கே காட்டணுமா?"

"அடுத்த வாரம் அனுப்பினா போதும். கஷ்டமா இருக்கா?"

"எனக்கென்ன கஷ்டம், நானா போடப் போறேன்?" என்று சிரித்தாள். "நேத்தே எங்கண்ணன் அந்த ஃபைலை வீட்டுக் கம்ப்யூட்டர்ல இறக்கி வச்சிட்டாரு. லாரி கிடங்குல எந்த வண்டி எப்ப வரும்னு நாளெல்லாம் இதே கட்டத்தைத்தான் பார்க்கிறாரு. 'உனக்கு எதுக்கு மண்டை காயுது, நாளைக்குத் தூங்கி எந்திரிச்சு நானே போட்டுத் தரேன்'னாரு."

"யாரு, உன் கூடப்பிறந்த அண்ணனா?"

"எனக்கேது? சின்னவளோட அண்ணன்தான்."

நாள் முழுக்க அட்டவணை பார்க்கிறவன். சி-க்கு அடுத்து எஃப் வந்தால் அவனுக்கு ஒரு நொடி போதும்.

"எப்ப எந்திரிப்பாரு?"

"நைட் ஷிப்டுக்கா. பன்னெண்டு ஆகும்." என் முகத்தைப் பார்த்தாள். "ஏன், அடுத்தவங்க போட்டுத் தரக் கூடாதா?"

மணி பதினொன்று இருபது. மேடம் மறுபடி தொடங்க எழுந்தார். நான் முன்னால் போய் நின்றேன். எதற்கு என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், தலையை லேசாக அசைத்தார். வேண்டாம் என்று. பத்தொன்பது முகங்கள் நிமிர்ந்தன.

"நேத்து அனுப்பின ஃபைல்ல ஒரு தப்பு. என் தப்பு. ரெண்டு வரிசையை அழிக்காம மறைச்சு மட்டும் வச்சிருந்தேன். உங்க பேரு, வீட்டைப் பத்தி எழுதினது எல்லாம் அதுல இருக்கு. போனை எடுங்க. எல்லாரும் இப்பவே அழிச்சிடுங்க. மன்னிச்சிடுங்க."

போன்கள் வெளியே வந்தன. யாரோ, "நான் எழுதினதுமா?" என்று முணுமுணுத்தார்கள். மேடம் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பெரியவளின் கை பாதி வழியில் நின்றது. அவள் மெதுவாகத் திரும்பி வாசல் பக்கம் பார்த்தாள். சின்னவளிடம் போன் இல்லை. அவள் என்னையும் பார்க்கவில்லை, பெரியவளையும் பார்க்கவில்லை. திரையில் எஃப் என்ற எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் போனேன். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன்.

"எப்படித் திறக்கிறது? காட்டுங்க" என்றாள்.

காட்டினேன். டியும் ஈயும் விரிந்தன. தன் வரியைத் தானே ஒருமுறை படித்தாள். இரண்டையும் அழித்தாள். பழையபடி மீட்டு, இன்னொரு முறை நான் இல்லாமல் செய்து பார்த்தாள். தவறவில்லை.

நூலகத்திலிருந்து வீடு பன்னிரண்டு நிமிட நடை. அட்டவணையில் அதுவும் இருந்தது. மூன்று பேரும் ஓட்டமும் நடையுமாகப் போனோம்.

"ஃபைலையே தூக்கிடலாம்டீ" என்றாள் பெரியவள். மூச்சு வாங்கியது.

"அது இல்லேன்னா எங்க போச்சுன்னு கேப்பான். உன் வாய் ஒரு நிமிஷம் தாங்காது."

"சரிதான்டீ. இப்பவே எனக்கு எல்லாத்தையும் சொல்லிடலாம்போல இருக்கு."

"அண்ணன் காலையில ஷிப்ட் முடிஞ்சு வந்ததுமே பார்த்திருந்தா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

சின்னவள் நடையைக் குறைக்கவில்லை. "பார்த்திருந்தா தூங்கியிருக்க மாட்டான்."

கதவுக்கு வெளியே ஆண்கள் போடும் கனமான காலணி கிடந்தது. கணினி இருந்தது அண்ணன் படுக்கிற முன்னறையில். சின்னவளின் அம்மா மாடியில் பெரியம்மாவோடு இருந்தார், அங்கே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பெரியவள் மாடிப்படியில் உட்கார்ந்து காவல் இருந்தாள். நான் பக்கத்துச் சந்தில், பாதி திறந்த ஜன்னல் ஓரம் நின்றேன். உள்ளே போய் நிற்க எனக்கு உரிமை இல்லை, விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன வயது. கட்டில் போதாமல் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நாற்காலிக்கும் அந்தக் காலுக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். சின்னவள் முதலில் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினாள். எனக்கு அது தோன்றியே இருக்காது. கணினி எழுந்திருக்கும்வரை நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டவணை திறந்தது. ஏ, பி, சி, எஃப். அவள் விரல் ஒருமுறை அழுத்தியது. எல்லோருடைய பெயரும், எல்லோருடைய பதிலும் அந்த இருட்டறையில் வெள்ளையாக விரிந்தன. அவன் இருமினான். அவள் அசையவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். எழுத்துகள் நெருங்கி வந்து ஒழுங்காக நின்றன. ஏ, பி, சி, டி, ஈ. சேமித்தாள்.

வா என்று ஜன்னலில் கையசைத்தேன். மணி பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்தது உறுதி. பிறகு திரைப் பக்கம் திரும்பி, நாற்காலியைச் சத்தமில்லாமல் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வீட்டுப்பாடத்துக்கான நிமிட வரிசையைத் தேர்ந்தெடுத்தாள். வரைபடம் போடும் பொத்தானை அழுத்தினாள். நீலக் கம்பங்கள் ஒவ்வொன்றாக எழும்பின, பத்தொன்பது. கட்டிலுக்கு வெளியே நீட்டியிருந்த பாதத்தின் மேல் அந்த நீலம் விழுந்தது. பெருவிரல் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. முன்னால் குனிந்து, ஒற்றை விரலால், படத்துக்குத் தலைப்பு அடித்துக்கொண்டிருந்தாள்.