ரின்னுக்குள் கிடந்த குளிசைகள்

குறிகாட்டுவான் இறங்குதுறையில் வள்ளம் ஏறும்போதே சிவப்பிரியா சண்டைக்குத் தயாராகிவிட்டாள். கைப்பைக்குள் அப்பாவின் இரத்தப் பரிசோதனை முடிவு இருந்தது. இரண்டு வருடமாக அடங்கிக் கிடந்த இரத்தப் புற்றுநோய் திரும்பவும் தலைதூக்கிவிட்டது. பழைய மருந்துக்கு அது இனி மசியாதாம். டொக்டர் வேறு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார். இதையும் விட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொல்லியிருந்தார்.

பல்கலைக்கழகத்தில் அவள் ஆராய்வதே இந்தச் சங்கதியைத்தான். உடம்பில் பழுதான உயிர்க்கலத்துக்குச் சாகச் சொல்லிக் கட்டளை வரும். அதுவும் மறுபேச்சில்லாமல் செத்துப்போகும். அப்பாவின் இரத்தத்திலோ கோணல் புரதம் ஒன்று உருவாகி, ‘சாகாதே, பெருகு’ என்று ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருந்தது. பழைய மருந்துக் குளிசை அதன் வாயை அடைத்து வைத்திருந்தது. ஆனால் நாள் தவறாமல் விழுங்க வேண்டும். விட்டு விட்டு விழுங்கினால் சாகாமல் தப்பிய கலங்கள் பெருகும். மருந்து ஒட்ட முடியாதபடி புரதத்தின் உருவம் மாறிய கலங்களும் அவற்றுக்குள் தோன்றிவிடும். அப்பா குளிசையை இடையிடையே விட்டிருக்கிறார் என்று அவளுக்குச் சந்தேகம்.

நயினாதீவில் வீட்டுக்கு வந்து, புது மருந்தை வைக்க அலுமாரியைத் திறந்தாள். வேட்டிகளுக்குப் பின்னால் ஒரு கோப்பித் தகர ரின். மூடியைக் கழற்றினால் உள்ளே நூற்றுக்கு மேல் குளிசைகள், மருந்துத்தூள் அடைத்த மேற்கூடு கலையாமல் கிடந்தன. எல்லாம் அப்பா விழுங்காமல் விட்டவை.

விறாந்தையில் சித்தப்பா சுதர்சனன் கதிரையில் சாய்ந்திருந்தார். அப்பா கைலாசபதிக் குருக்கள் விலகினால் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் உரிமை அவருக்குத்தான் வரும். அந்த ஆசை அவருக்கு இல்லையென்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். அவள் ரின்னை அவர் மடியில் கொண்டுபோய்க் கொட்டினாள்.

“நீங்கள்தானே அப்பாவை மருந்து விடப் பண்ணினது?”

“விசர்க்கதை கதையாதை.”

“அவர் போனால் ஆருக்கு லாபம்?”

“நாக்கை அடக்கு. நாலு எழுத்துப் படிச்சால் கண் தெரியாமல் போயிடுமே?”

இப்படியே இருவரும் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருக்க, அப்பா குளித்த ஈரத்தோடு வந்து நின்றார்.

“அவனை ஏன் பேசிறாய்?” என்றார். “நீதானே சொன்னனீ.”

“நானோ?”

“முதல் பெட்டி வந்த அண்டைக்கு. குளிசையின்ரை கூடு மாட்டெலும்பைக் காய்ச்சி எடுத்த பசையிலை செய்ததெண்டு சொல்லிப்போட்டுச் சிரிச்சனீ. அதை விழுங்கிப்போட்டு நான் மூலஸ்தானத்துக்குள்ளை போக ஏலுமே? வெள்ளிக்கிழமை, பிரதோஷம், காப்புக் கட்டின நாள் எல்லாம் விட்டிட்டன்.”

அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த வீட்டு ஆசாரத்தைக் குத்திக் காட்ட வேண்டுமென்று, படித்த திமிரில் சொன்ன கதை. சொன்ன மறுநிமிடமே மறந்துவிட்டாள்.

அப்பா புதுப் பெட்டியைத் திறந்தார். இதுவும் கூட்டுக் குளிசைதான்.

“இது என்னத்திலை செய்தது?”

பெட்டிக்குள் இருந்த தாளை அவள் வள்ளத்திலேயே வாசித்திருந்தாள். இதன் கூட்டுக்கும் அதே மாட்டெலும்புப் பசைதான்.

“சோள மா,” என்றார் சித்தப்பா. “பாமசிக்குப் போன் பண்ணிக் கேட்டனான்.”

அதை எந்த மருந்துக்கடையில் வாங்கினதென்றே அந்த மனுசனுக்குத் தெரியாது.

அப்பா அவர் பக்கம் திரும்பவேயில்லை. “இவன் வாய் கூசாமல் பொய் சொல்லுவான். நீ சொல்லு பிள்ளை. நீ சொன்னால் விழுங்குவன்.”

“ஓம் அப்பா. சோள மாதான்.”

அவர் வெறும் வயிற்றில் குளிசையை விழுங்கி, தண்ணீர் குடித்து, திருநீறு பூசிக்கொண்டு மத்தியானப் பூசைக்குப் போனார்.

சித்தப்பா மடியில் கிடந்த குளிசைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ரின்னுக்குள் போட்டார்.

“எனக்கு இதிலை பங்கு வேண்டாம்,” என்றார். “அவர் நம்பினது உன்னை. இனி நாளாந்தம் நீயே சொல்லு.”

அந்த ஆளின் பொய்யில் தொங்கிக்கொண்டு அப்பாவைக் காப்பாற்ற வேண்டி வந்ததே என்று அவளுக்குப் பற்றி எரிந்தது. கோயில் மணி கேட்டது. அப்பா மூலஸ்தானத்துக்குள் போயிருப்பார். அவள் குசினிக்குப் போய், பசையின் பெயர் எழுதியிருந்த மருந்துத் தாளை நாலாக மடித்து எரிகிற அடுப்புக்குள் வைத்தாள்.