கடனுக்குக் காதுகுத்து

அந்த ஆடியில் அடைக்கலத்தின் கடனுக்கு ஏழாவது வயது நடந்துகொண்டிருந்தது. நிலைப்படியில் அதற்குத் தலை இடித்தது. குனிந்து வா, குனிந்து வா என்று அவர் மனைவி வள்ளிக்கண்ணு தினமும் சொல்வாள். அது கேட்காது. பிள்ளைகள் எங்கே சொன்ன பேச்சைக் கேட்கின்றன!

புயலில் தென்னை அத்தனையும் சாய்ந்த வருஷம் அது வீட்டுக்கு வந்தது. வரும்போது துண்டு முடிச்சுக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தது. வட்டிக்கு விடும் ராசப்பன் வீட்டிலிருந்து அடைக்கலம் அதை மடியில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்தார். கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்கவில்லை. "பாத்துண்ணே, வெடுக்குன்னு வளந்துரும்" என்று மட்டும் சொன்னார். "புதுக் கன்னு காய்க்கிறதுக்குள்ள திருப்பி அனுப்பிருவேன்" என்றார் அடைக்கலம். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் எல்லாம் முதல் நாள் அப்படித்தான் பேசுவான்.

நல்ல சுபாவம்தான். சத்தம் போடாது. பொய் சொல்லாது. கூடத்தில் கால் உடையாத பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றே ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்திருக்கும். மூன்று வேளையும் சாப்பிடும். எல்லாரும் தூங்கும்போதும் வளரும். அடைக்கலத்தை 'அப்பா' என்று கூப்பிடும். ஊரில் யாரும் அதை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. அவரவர் வீட்டில் அவரவருக்கு ஒன்று இருந்தது. "உங்க வீட்டுது நல்லா ஊட்டமா இருக்கே" என்பார்கள், அவ்வளவுதான்.

சிக்கல் அபிநயாவால் வந்தது. அடைக்கலத்துக்கு அவள் ஒரே மகள். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கித் தொலைத்துவிட்டாள். தஞ்சாவூரில் நர்சிங் சீட்டும் கிடைத்துவிட்டது. ஆடி முடிவதற்குள் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நூல் மில். மில்லுக்கு ஆள் எடுக்கிறவர்கள் வீட்டு வாசலுக்கே வேன் அனுப்புவார்கள். அந்தத் தெருவில் அப்படி ஏறிப்போன பெண்கள் திரும்பி வந்தபோது இருமிக்கொண்டு வந்தார்கள். சிலர் குரல் மட்டும் வந்தது. அடைக்கலத்துக்கு அந்தப் பெண் மேல்தான் உயிர். அவளை வேனில் ஏற்ற மாட்டேன் என்று மாரியம்மன் சன்னதியில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்.

பேராவூரணியில் ஒரு மாடியில் போர்டு மாட்டியிருந்தார்கள். 'கடன் தொல்லையா? ஆலோசனை முற்றிலும் இலவசம்.' ஓசியில் கொடுத்தால் பினாயிலையும் குடிப்பான் நம் ஆள். அடைக்கலம் கடனையும் கூட்டிக்கொண்டு போனார். இந்தத் தடவை கண்டக்டர் அதற்கு முழு டிக்கெட் போட்டார்.

மாடி ஏறியதும் ஒரு வராந்தா. நடந்தார்கள். நடந்துகொண்டே இருந்தார்கள். ஓர் இடத்தில் ஒரு கொத்தனார் குந்தி உட்கார்ந்து செங்கல் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கட்டி முடிக்கலயாண்ணே?" என்று அடைக்கலம் கேட்டார்.

"கடைசி பில்லு பாஸாகல. பாஸாகுற வரைக்கும் கட்டிக்கிட்டே இருக்கச் சொல்லிட்டாங்க."

"ஆலோசனை சொல்றவரு ரூமு எங்க?"

"நேராத்தான். நான் இந்த வரிசைய முடிச்சா அது இன்னும் தள்ளிப் போயிரும். ஓடுங்க."

அடைக்கலத்துக்கு மூட்டுவலி. ஓட முடியவில்லை. கடன் அவரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓடியது. அவ்வளவு உயரத்திலிருந்து அவர் எதையும் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது.

ஆலோசகரின் பெயர் குலோத்துங்கன். இஸ்திரி போட்ட சட்டை. நாற்காலியை ஜப்தி செய்து கொண்டுபோய்விட்டார்கள். இல்லாத அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். கால்மேல் கால் வேறு.

"எவ்வளவு?" என்றார்.

அடைக்கலம் பக்கத்தில் நின்ற கடனைக் காட்டினார். குலோத்துங்கன் அண்ணாந்து பார்த்தார்.

"செலவைக் குறைங்க."

"குறைச்சாச்சுங்க. காலைச் சாப்பாட்ட நிறுத்தியாச்சு."

"யாருக்கு?"

"எங்க மூணு பேருக்கும்."

"இவனுக்கு?"

"அவனுக்கு மூணு வேளையும் உண்டுங்க. ஒரு வேளை தள்ளிப்போனா ரெண்டு வேளைக்குச் சேத்துச் சாப்புடுவான்."

குலோத்துங்கன் தலையாட்டினார். அவருக்கு அந்தச் சாதி தெரியும் போலிருந்தது. "மொய் விருந்து வைங்க" என்றார்.

அந்தப் பக்கத்தில் ஆடி பிறந்தால் மொய் விருந்துதான். பணமுடை வந்தவன் பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவான். ஊரே வந்து தின்றுவிட்டு மொய் எழுதிவிட்டுப் போகும். பிறகு அவரவர் விருந்துக்கு அவன் கூடுதலாகப் போட்டுத் திருப்பிச் செய்ய வேண்டும்.

"அதுக்கு ஒரு விசேஷம் வேணுமுங்களே" என்றார் அடைக்கலம். "வீடு குடிபோனதுக்கு வச்சாச்சு. மக காதுகுத்துக்கு வச்சாச்சு. அவ சடங்குக்கும் வச்சாச்சு. வீட்டுல இனிமே நடக்குறதுக்கு ஒண்ணுமில்ல."

"இவனுக்குக் காது குத்தியாச்சா?"

அடைக்கலம் கடனின் காதைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கவனித்ததே இல்லை. வெறும் காது.

"அட என்னண்ணே!" குலோத்துங்கனுக்கு உண்மையாகவே வருத்தம். "ஆளு ஒசரத்துக்கு வளந்த புள்ளைய மூளிக்காதோட வச்சிருக்கீங்க? அதான் வீட்டுல காசு தங்கல."

"எனக்குக்கூடத் தோணலப்பா" என்றது கடன், தலையைக் குனிந்தபடி.

அடைக்கலம் ஆலோசனைக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார். திரும்பும்போது வராந்தா மிகவும் சின்னதாக இருந்தது. இரண்டே எட்டில் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

வள்ளிக்கண்ணு கேட்டுவிட்டு முறத்தைக் கீழே போட்டாள். "நாலு பேரு சிரிப்பாங்க" என்றாள்.

நாலு பேர் சிரிக்கவில்லை. "இத்தன நாளா ஏன் குத்தல?" என்றுதான் கேட்டார்கள். ஃப்ளெக்ஸ் அடிக்கிற இடத்தில் கடனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, புலி ஒன்றைப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் போட்டார்கள். 'எங்கள் இல்லத்துக் கடனின் காதணி விழா. அனைவரும் வருக.' பேனர் தெரு முக்கத்தில் நின்றது. போகிற பஸ்ஸெல்லாம் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனது.

காது குத்தினால் தாய்மாமன் மடி வேண்டும். வள்ளிக்கண்ணுவின் தம்பி போனிலேயே கத்தினான். "எங்கக்கா வயித்துல பொறந்ததா அது? என் மடியில ஏத்துனா என் வீட்டுக்கும் வந்துரும்." வைத்துவிட்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை.

அடைக்கலம் மறுபடியும் குலோத்துங்கனுக்குப் போன் போட்டார். "அவன் எந்த வீட்டுலேருந்து வந்தானோ அந்த வீட்டு ஆளுதானே தாய்மாமன்? இதுக்கெல்லாம் ஆலோசனை வேணுமா?" என்றார் அவர். இதுவும் இலவசம்தான்.

ஆக, ராசப்பன் தாய்மாமன் ஆனார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம வீட்டுப் புள்ள மச்சான். குறை வைப்பனா?" என்றார். சீர்த் தட்டுகளோடு மேளம் வைத்து வந்தார். ஆப்பிள், சாத்துக்குடி, பட்டுத் துண்டு, ஒரு கிடா. அத்தனைக்கும் வட்டி அன்றிலிருந்தே ஓடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். தோடு மட்டும் கொண்டுவரவில்லை.

"தங்கம் விக்கிற வெலயில... வேணும்னா கடனாத் தர்றேன் மச்சான்."

கடனாகக் கொடுத்தால் பையன் அங்கேயே இன்னும் வளர்ந்துவிடுவான், ஏணி எட்டாது என்று காது குத்த வந்த பத்தர் சொன்னார். அது நியாயம்தான். எல்லாரும் யோசித்தார்கள். யோசித்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அபிநயாவின் காதில் பட்டாணி அளவுக்கு ஒரு ஜோடித் தோடு இருந்தது. வீட்டில் மிச்சமிருந்த பொன் அதுதான்.

"காலேசுக்குப் பணம் வந்துரும் ஆத்தா" என்றார் அடைக்கலம். "இது ஒண்ணுதான். உனக்காகத்தானே இவ்வளவும்."

அபிநயா கழற்றினாள். ஓட்டை தூர்ந்துவிடக் கூடாது என்று வள்ளிக்கண்ணு விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி ஒடித்து மகள் காதில் செருகினாள். அந்த ஈர்க்குச்சியைப் பார்த்தபோதே அடைக்கலம் பந்தலைப் பிரித்துப் போட்டிருக்க வேண்டும். மனுஷன் வாசலுக்குப் போய், வருகிறவர்களை வாங்க வாங்க என்றார்.

கடன் ராசப்பன் மடியில் உட்கார்ந்தது. அதற்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். பத்தர் ஏணியில் ஏறி ஊசியை வைத்தார். அது அழுதது. ஊரே பரிதாபப்பட்டது. "பாவம், பச்சப்புள்ள" என்று பெண்கள் அதன் வாயில் சர்க்கரை போட்டார்கள். ஏழு வருஷமாக அந்த வீட்டில் வேறு யாரெல்லாமோ அழுதிருக்கிறார்கள். அப்போது சர்க்கரை டப்பாவோடு ஒருவரும் வந்ததில்லை.

கூட்டத்துக்குக் குறைவில்லை. பந்தி பந்தியாகக் கறிச்சோறு போனது. மொய் எழுதுகிற மேசையில் பணம் எண்ணுகிற மெஷின் சூடாகிப் புகைந்தது. அதன் மேல் ஈரத்துணி போட்டார்கள். சாயங்காலம் பணத்தை அரிசிச் சாக்கில் கொட்டிக் கட்டினார்கள். அடைக்கலம் சாக்கைத் தொட்டுப் பார்த்தார். தஞ்சாவூர் அதற்குள் இருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட அபிநயாகூட அதற்குள்தான் இருந்தாள். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு சாக்கைப் பார்த்ததில்லை.

சாக்கைத் தூக்கப் போனார். கடன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது.

"என்னதுப்பா இது?" என்றது. மரியாதையாகத்தான் கேட்டது.

"மொய்ப் பணம்யா. அக்கா காலேசுக்கு."

"என் காதுகுத்துதானேப்பா?"

அடைக்கலம் சுற்றிலும் பார்த்தார். ஊர்ப் பெரியவர்கள் பல் குத்திக்கொண்டிருந்தார்கள். பேனரில் யார் பேர் இருக்கிறதோ மொய் அவனுக்குத்தான் என்றார்கள். காது குத்திய பிள்ளை முதல்முதலாக ஒன்று கேட்கிறான், அதைப் பிடுங்கினால் வீட்டுக்கு ஆகாது என்றார்கள். ராசப்பன் கண்ணை மூடிக்கொண்டு, மருமகன் சொல்வது சரிதான் என்றார்.

"அப்ப ஊருக்குத் திருப்பிச் செய்யிறது?" அடைக்கலம் சாக்கை விடவில்லை. "இத்தன பேருக்கும் அந்த மொய்ய யாரு செய்யிறது?"

"அது பெத்தவன் செய்யணும்" என்றார்கள். அதைச் சொல்ல ஒருவரும் யோசிக்கவில்லை.

கடைசிப் பந்தியில், இல்லாத தன் நாற்காலியில் உட்கார்ந்து குலோத்துங்கன் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். அடைக்கலம் அவரிடம் ஓடினார்.

"உங்க யோசனைய நீங்களே திருப்பி எடுத்துக்குங்க. எனக்கு வேணாம்."

"காசு குடுத்து வாங்கிருந்தா திருப்பி எடுத்துக்கலாம்ணே" என்றார் குலோத்துங்கன், எலும்பைக் கீழே வைக்காமல். "இலவசமாக் குடுத்தத எப்புடித் திருப்பி வாங்குறது? அப்புறம் எங்க பேரு என்னாவுறது?"

கடன் சாக்கை அவிழ்த்துப் பணத்தைச் சாப்பிட்டது. சிந்தாமல் சாப்பிட்டது. அத்தனை பணமும் உள்ளே போனால் கடன் குறையுமே என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் கடன் வாங்கினதில்லை. அது எழுந்து சோம்பல் முறித்தது. பந்தல் பொத்துக்கொண்டு, தோடு போட்ட தலை மேலே போனது. "அடைக்கலத்துக்கு ஆம்பளப் புள்ள இல்லேங்கிற குறை தீந்துச்சு" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் ஆமாம் என்றார்கள். பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

விடிந்ததும் வேன் வந்தது. யார் சொல்லிவிட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. டிரைவர் ஹாரன்கூட அடிக்கவில்லை. அபிநயா ஒரு கட்டைப் பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். மார்க் ஷீட்டையும் அதில் வைக்கப் போன வள்ளிக்கண்ணு, வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடைக்கலம் வேன் கதவை மறித்து நின்றார். "நான் சத்தியம் பண்ணிருக்கேன்" என்றார் டிரைவரிடம். டிரைவர் நல்ல மனுஷன். "பண்ணாத அப்பாவே கெடயாதுண்ணே" என்றார். "கொஞ்சம் தள்ளிக்கங்க, இன்னும் பத்து வீடு இருக்கு."

அவர் தள்ளிக்கொண்டார். அதை நான் எப்படிச் சொல்ல? யாரும் அவரைப் பிடித்து இழுக்கவில்லை. அவர் காலே அவரைத் தள்ளி நிறுத்திவிட்டது.

அபிநயா அப்பாவைப் பார்க்கவில்லை. ஏறும்போது அண்ணாந்து கடனிடம் சொன்னாள்.

"தம்பி, அப்பாவப் பாத்துக்கடா."

"சரிக்கா" என்றது கடன்.

வேன் போய்விட்டது. அடைக்கலம் தெருவில் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அக்கம்பக்கத்தார் வந்து தேற்றினார்கள். பொட்டப்பிள்ளை என்றைக்கிருந்தாலும் ஒருநாள் போகிறவள்தானே என்றார்கள். கடைசிக் காலத்தில் கொள்ளி வைக்க ஒருத்தன் இருக்கிறான், அந்தக் கொடுப்பினை எத்தனை பேருக்கு இருக்கிறது என்றார்கள். சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கடன் அவர் பக்கத்தில் மண்டியிட்டது. மாமன் கொடுத்த பட்டுத் துண்டால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டது.

"அழுவாதீங்கப்பா. நான் எங்கயும் போவ மாட்டேன்."

பிறகு, பசிக்கிறது என்றது.