இடப்பக்கத்துத் தீவு

எங்கள் வீட்டில் கார் ஓட்ட லாயக்கில்லாதவள் நான்தான் என்பது அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் மான்மவுத் ஜங்ஷன் முழுக்கத் தெரிந்த விஷயம். என் கணவர் அப்துல் ரஹீம் அதை அவ்வளவு அக்கறையாகப் பரப்பி வைத்திருந்தார். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் பாட்லக் விருந்து எந்த வீட்டில் நடந்தாலும் சரி, எல்லோரும் தட்டோடு உட்கார்ந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"தாஜு ராங் சைட்ல போன கதைய உங்களுக்குச் சொல்லிருக்கேனா?"

போன மாதம்தான் சொல்லியிருப்பார். இருந்தாலும் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

நடந்தது இவ்வளவுதான். அமெரிக்கா வந்து லைசென்ஸ் வாங்கிய புதிதில், மளிகைக் கடை பார்க்கிங்கிலிருந்து ரோட்டுக்கு வந்தவள், நம் ஊர்ப் பழக்கதோஷத்தில் இடப்பக்கமே ஏறிவிட்டேன். எதிரே வந்தவன் நின்றான், நானும் நின்றேன். எந்த வண்டிக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் பாக்கெட்டுக்குள் போன கார் சாவி அங்கேயே தங்கிவிட்டது. "ரிஸ்க் எதுக்கு தாஜு? அதான் நான் இருக்கேன்ல" என்றார். இருந்தார், வாரத்தில் ஐந்து நாள் ஆபீஸில். ஒரு கேலன் பால் வேண்டுமென்றாலும் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு புஷ்பவல்லியிடம் போய் நிற்க வேண்டும். அவள் முகம் சுளித்ததே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கும்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால் நான் கம்பத்துக்காரி. பத்தொன்பது வயதிலேயே எங்கள் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பைக் குமுளி மலைப்பாதையில் ஏற்றி இறக்கியவள். அப்துல் ரஹீம் சென்னையில் இருந்தவரை பஸ் பாஸ்காரர். ஸ்டியரிங்கை அவர் முதன்முதலில் தொட்டதே அமெரிக்கா வந்து, எடிசனில்தான். அந்த மனிதர் என்னிடம் கண்ணாடியில் தெரியாத ப்ளைண்ட் ஸ்பாட் பற்றிப் பாடம் எடுப்பார். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். என் மகள் ரிதாவின் டீச்சர், பேரன்ட் மீட்டிங்கில் என்னைப் பார்த்து, "யூ டோன்ட் டிரைவ், ரைட்? ரிதா சொன்னாள்" என்று பரிவாகக் கேட்ட நாள்வரை சும்மாதான் இருந்தேன். அன்று வீட்டுக்கு வந்து பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இரண்டாயிரத்து ஆறு டிசம்பரில் எங்கே போவது என்று பேச்சு வந்தது. எங்கள் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் காலாவதியாகியிருந்தது, க்ரீன் கார்டு இன்னும் வரவில்லை. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. அதனால் அவர் மூன்றாவது தடவையாக டிஸ்னி என்றார். நான் பல் டாக்டர் கிளினிக்கில் ஒரு பத்திரிகையில் பார்த்த படத்தைச் சொன்னேன். செயின்ட் ஜான். கரீபியன் கடலில் ஒரு துண்டுத் தீவு. ஆனால் அமெரிக்காவுக்குச் சொந்தம், ஸ்டாம்பிங் தேவையில்லை.

புஷ்பவல்லிக்கு மனசே ஆகவில்லை. "ஏனுங்கக்கா, அங்க நம்ம ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா? சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். ரைஸ் குக்கரையும் மீன் குழம்புப் பொடியையும் பெட்டியில் வைத்துக் காட்டினேன். அதன்பிறகுதான் சமாதானமானாள்.

விமானத்தில் பக்கத்துத் தீவான செயின்ட் தாமஸ், அங்கிருந்து ஃபெர்ரிப் படகில் செயின்ட் ஜான். கரையிலேயே கார் வாடகைக்கு விடும் ஆபீஸ் இருந்தது. அப்துல் ரஹீம் நேராகக் கவுண்ட்டருக்குப் போய், "ஹாய், வீ ஹேவ் எ ரிசர்வேஷன்" என்றார். உள்ளே இருந்த அம்மாள் நிமிரவே இல்லை. இவர் குரலை உயர்த்தி மறுபடியும் சொன்னார். அதற்கும் பதில் இல்லை. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்து ஸலாம் சொல்லாமல் எதையாவது கேட்டால் எங்கள் அம்மாவுக்கும் இப்படித்தான் காது கேட்காமல் போய்விடும்.

"குட் ஆஃப்டர்நூன்" என்றேன்.

"குட் ஆஃப்டர்நூன், மை டியர்!" என்று அந்த அம்மாள் முகம் மலர்ந்தார். அவர் பெயர் மிஸ் வெர்னா. அந்தத் தீவில் வணக்கம் சொல்லாமல் யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்பதை அப்புறம் எல்லா இடத்திலும் பார்த்தேன். தீவை எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போனது.

யார் யார் ஓட்டுவீர்கள் என்று மிஸ் வெர்னா கேட்டார். "ஒன்லி மீ" என்றார் அப்துல் ரஹீம். நான் என் லைசென்ஸையும் எடுத்து வைத்தேன். அது வருடக்கணக்காக ஏர்போர்ட்டில் முகம் காட்ட மட்டும் பயன்பட்டு வந்த அட்டை. அவர் என்னை முறைத்தார். மிஸ் வெர்னா இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டு சாவியை நீட்டியபடி, இங்கே வண்டிகள் இடப்பக்கம்தான் போகும், மறந்துவிடாதீர்கள் என்றார்.

அப்துல் ரஹீம் சிரித்தார். மிஸ் வெர்னா சிரிக்கவில்லை.

"இதுவும் அமெரிக்காதானே?" என்று அப்துல் ரஹீம் என்னிடம் தமிழில் கேட்டார். அமெரிக்கக் கொடி, அமெரிக்க டாலர், அமெரிக்க ஜீப். ஆனால் ரோடு மட்டும் நம் ஊர் ரோடு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கவுண்ட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"நான் மேனேஜ் பண்ணிக்கிறேன்" என்று விறைப்பாகப் போய் ஜீப்பை எடுத்தார். முதல் திருப்பத்திலேயே வலப்பக்கம் ஏறினார். எதிரே ஒரு பிக்கப் வந்து நின்றது. அதை ஓட்டியவர் கோபப்படாமல், பிள்ளைக்குச் சொல்வது போல், "லெஃப்ட், மிஸ்டர், லெஃப்ட்" என்றார். இவர் இடப்பக்கம் வந்தார். அடுத்த திருப்பத்தில் மறுபடி வலது. ரோட்டில் ஆடுகள் வேறு. போகிற வருகிற வண்டியெல்லாம் பீப் பீப் என்றது. அவை 'வாங்க', 'தேங்க்ஸ்' என்று சொல்லும் ஹாரன்கள் என்று எனக்குக் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது. ஒவ்வொன்றும் தன்னைத் திட்டுவதாகவே அவர் நினைத்துக்கொண்டார். மேட்டில் ஏறியதும் ஓரமாக நிறுத்தி ஹஸார்ட் லைட்டைப் போட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தாஜு, இது நமக்கு செட் ஆகாது. வண்டிய ரிட்டர்ன் பண்ணிட்டு ஃபெர்ரி பிடிச்சு செயின்ட் தாமஸ் போயிடலாம். அங்க ஏதாச்சும் ஹோட்டல் பாக்குறேன், ஷட்டில் பஸ் இருக்கும்."

நாங்கள் எடுத்திருந்த வீடு தீவின் மறுகோடியில், கோரல் பே என்ற ஊரில் இருந்தது. நடுவில் முழுக்க மலை. வண்டி இல்லாவிட்டால் வீடு இல்லை, தீவும் இல்லை.

"டாட்! யூ ப்ராமிஸ்ட் டர்ட்டில்ஸ்!" என்றாள் ரிதா பின்சீட்டிலிருந்து.

நான் இறங்கிப் பள்ளத்தின் ஓரமாய்ப் போய்ப் பார்த்தேன். கீழே கடல். நீலம் என்றும் சொல்ல முடியாது, பச்சை என்றும் சொல்ல முடியாது. அடியில் கிடக்கும் மணல் மேலே வரை தெரிந்தது. தண்ணீருக்கு நடுவே குட்டிக் குட்டியாக வேறு தீவுகள். பத்திரிகைப் படம் பொய் சொல்லவில்லை, கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருந்தது. இதை இப்படி ஓரமாய் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதா? அதுவும் ஒரு ரோட்டுக்குப் பயந்து?

திரும்பி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"இறங்குங்க."

"விளையாடாத தாஜு. குழந்தை இருக்கா."

"குழந்தை இருக்கறதாலதான் சொல்றேன். உங்க கை ரைட்டுக்குப் போகுது. என் கை லெஃப்டுக்குப் போகுதுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கீங்கல்ல? இது லெஃப்டு ஊரு. இறங்குங்க."

பின்னால் மூன்று வண்டிகள் வந்து காத்திருந்தன. யாரும் அவசரப்படுத்தவில்லை. அவர் என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், இறங்கினார்.

பிஸ்மில்லாஹ் சொல்லி வண்டியை எடுத்தேன். பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. கம்பத்து ஜீப்பில் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும். இதில் இடப்பக்கம், பள்ளத்தின் விளிம்பு எனக்குக் கையெட்டும் தூரம். முதல் வளைவு வந்தது. என் கைகள் என்னைக் கேட்கவில்லை. வளைத்தன, நேராக்கின. இரண்டாவது வளைவில் ஹாரன் அடித்தேன். மூன்றாவதில் எதிரே வந்தவருக்கு இரண்டு பீப் கொடுத்தேன். அவர் கையை உயர்த்தினார். நான் சத்தமாகச் சிரித்தேன். அப்துல் ரஹீம் பிரேக் இல்லாத இடத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார்.

"மாம், ஆர் யூ அலவ்ட்?" என்று ரிதா மெதுவாகக் கேட்டாள்.

"லைசென்ஸ் இருக்குடி எனக்கு!" என்றேன்.

அதன்பிறகு அந்தத் தீவில் நான் போகாத ரோடு இல்லை. காலையில் மீன் வாங்க ஓட்டினேன். மிளகாய்ப் பொடி பட்ட ஸ்னாப்பர் மீனைத் தின்றுவிட்டு ஆமை பார்க்க ஓட்டினேன். மாஹோ பே கடற்கரைத் தண்ணீரில் சல்வாரும் தலையில் கட்டிய துணியுமாக இறங்கினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் மிதந்த ஒரு பாட்டியம்மாள் குட் மார்னிங் மட்டும் சொன்னார். ரிதா என் கையைப் பிடித்து இழுத்தாள். முகத்துக்கு நேர்கீழே ஓர் ஆமை நிதானமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

ஊர் ஞாபகம் வந்ததாலா இந்தத் தீவு பிடித்தது என்று பிற்பாடு புஷ்பவல்லி கேட்டாள். புளியமரம் இருந்தது, மலை இருந்தது, உண்மைதான். அதனால் இல்லை. காலையில் எழுந்ததும் எங்கே போவது என்று நானே முடிவு செய்து, நானே போன இடம் அது. அதனால்தான் பிடித்தது.

மூன்றாம் நாள் ஒரு மலை உச்சியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். கொண்டை ஊசி வளைவில் ஒரு பெரிய திறந்த டாக்ஸி ஏறி வந்தது. அதில் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்த டூரிஸ்டுகள். இரண்டு வண்டிக்கு அங்கே இடமில்லை.

"அவன் ரிவர்ஸ் எடுக்கட்டும்" என்றார் அப்துல் ரஹீம், கம்மிய குரலில்.

"ஏறுற வண்டிக்குத்தாங்க வழி விடணும். மலைல அதான் முறை."

கழுத்தைத் திருப்பி, பின்னால் பார்த்து, மேட்டில் ரிவர்ஸ் எடுத்தேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆகாயம். வளைவைத் தாண்டி, பாறையை உரசாமல், ஒரே வீச்சில் ஒதுங்கி நின்றேன். டாக்ஸி மெல்ல ஏறி வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. அதை ஓட்டி வந்த நரைத்த தாடிக்காரர் என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார்.

"குட் ஆஃப்டர்நூன், டிரைவர்" என்றார்.

மேடம் என்று சொல்லவில்லை. டிரைவர் என்றார், தொழில்காரர் தொழில்காரரிடம் பேசுவது போல. டூரிஸ்டுகள் கை தட்டினார்கள். எனக்குப் பட்டம் வாங்கின அன்றுகூட அப்படி இருந்ததில்லை. அல்ஹம்துலில்லாஹ், நான் நிமிர்ந்து உட்கார்ந்து அவருக்கு இரண்டு பீப் கொடுத்தேன்.

"தட்ஸ் மை மாம்!" என்று ரிதா ஜன்னலுக்கு வெளியே கத்தினாள்.

கடைசி நாள் சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். எதிரே கோரல் பேயில் பாய்மரப் படகுகள் நின்றன.

"ஏங்க, எனக்கு இந்தத் தீவு மேல காதல் வந்துருச்சு."

"அப்ப என் மேல?"

"நீங்க பாசஞ்சர்."

சிரித்தார். "ரிவர்ஸ் எடுத்தப்ப நான் கண்ண மூடிட்டேன் தாஜு. நானா இருந்தா அங்கயே வண்டிய விட்டுட்டு இறங்கிருப்பேன்" என்றார். பாட்லக்கில் ஒருபோதும் வராத குரல் அது.

நியூவர்க் ஏர்போர்ட்டில் இறங்கியபோது எலும்பைக் குடையும் குளிர். லாங் டெர்ம் பார்க்கிங்கில் எங்கள் கேம்ரி கார் பனி மூடிக் கிடந்தது. இங்கே ரோடு வலப்பக்கம், சாவி அவர் பாக்கெட்டில். தீவு முடிந்தது, ராஜாங்கமும் முடிந்தது என்று எனக்குள் சொல்லிக்கொண்டே பெட்டிகளை டிக்கியில் வைத்தேன்.

அப்துல் ரஹீம் கண்ணாடிப் பனியைச் சுரண்டினார். சாவியைப் போட்டு எஞ்சினையும் ஹீட்டரையும் ஓடவிட்டார். பிறகு காரைச் சுற்றிப் போய், கதவைத் திறந்து, பாசஞ்சர் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். பழக்கம்தான். அவருக்கே தெரியவில்லை.

நான் வெளியே நின்றேன். இப்போது உணர்ந்துவிடுவார், இப்போது இறங்குவார் என்று பார்த்தேன். கண்ணாடியை இறக்கினார்.

"குளிருது தாஜு, ஏறு. என்ன யோசனை?"

ஏறினேன். வலது, வலது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ரேம்ப்பில் ஏற்றி டர்ன்பைக் நெடுஞ்சாலையில் சேர்ந்தேன். கைகள் முதலில் கொஞ்சம் முரண்டு பண்ணின. நான் அவற்றோடு பேசினேன், அவை கேட்டன. இருபுறமும் லாரிகள் தண்ணீரை வாரியடித்தபடி போயின. ஒரு தடவைகூட அவர் ப்ளைண்ட் ஸ்பாட் என்று சொல்லவில்லை. ஏன் இவ்வளவு அமைதி என்று எனக்கே சந்தேகம் வந்தது.

"மாம்," என்று ரிதா பின்னாலிருந்து கிசுகிசுத்தாள், "டாட் இஸ் ஸ்லீப்பிங்."

எங்கள் ஊருக்குப் பிரியும் எக்ஸிட் எய்ட் ஏ-யில் இறங்கும்போது பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்து, தலையைச் சாய்த்து, சுத்தமாய்த் தூங்கிப்போயிருந்தார்.

"தூங்கட்டும்மா" என்றேன். வீடு வரும்வரை நான் அவரை எழுப்பவில்லை.