சட்டை காயும் வரை

பெண் கேட்கப் பாலைவனத்துக்குப் போன ரங்கூன் குடும்பம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். எங்கள் பேட்டை தாமுவேயில், சர்ச்சிலேயே இத்தனை பெண்கள் இருக்க, என் மகன் டேனிக்கு ஜெய்சல்மேரில்தானா பெண் கிடைக்க வேண்டும்? சோலார் தகடு மாட்டும் பயிற்சிக்கென்று ஆறு மாதம் அங்கே போனவன், ஆன்மேரி ஆன்மேரி என்று பிதற்றிக்கொண்டு திரும்பி வந்தான்.

நல்லவேளை, பெண் தமிழ்ப் பெண். அப்பா ராஜரத்தினம் நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவர். ஆரல்வாய்மொழியில் காற்றாலை வேலை பார்த்தவரைக் கம்பெனி ஜெய்சல்மேருக்கு அனுப்ப, மனைவி இறந்த பிறகும் ஒரே மகளோடு அங்கேயே தங்கிவிட்டார். டேனி போனில் கேட்டதற்கு, “பெரியவங்கள வரச் சொல்லு. பாத்துட்டுச் சொல்லுதேன்” என்று வைத்துவிட்டாராம்.

திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு ரங்கூனில் ஒரு கடைகூடத் திறந்திருக்காது. அந்த விடுமுறையில் நானும் என் வீட்டுக்காரர் ஞானசுந்தரமும் கிளம்பினோம். டேனி வரவில்லை, பெண் கேட்பது பெரியவர்கள் வேலை. “எல்லாரும் தண்ணியில நனையிற நேரத்துல நீ மணல் பாக்கப் போறியா ரெபேக்கா?” என்று பக்கத்து வீட்டு நிலோஃபர் வாசலில் நின்று சிரித்தாள். சிரிக்கட்டும். அவள் மகன் தாமுவேயைத் தாண்டினானா?

கல்கத்தா வரைக்கும் விமானம், அப்புறம் ரயில், மறுபடி ரயில். ஜன்னலைச் சாத்தினால் வேகிறது, திறந்தால் வாயெல்லாம் மணல். “அமலே!” என்று, அதாவது அம்மாடி என்று, நான் பர்மீஸில் அலறியதைக் கேட்டு எதிர் சீட்டு அம்மாள் எழுந்து வந்து, என் முந்தானையை எடுத்து மூக்கை மூடி முக்காடு போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு சௌகரியமாகத்தான் இருந்தது, சும்மா சொல்லக் கூடாது.

ராஜரத்தினம் ஒல்லியான மனிதர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, எண்ணி எண்ணிப் பேசும் வாய். ஆன்மேரியைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துவிட்டது. அதை உடனே காட்டிக்கொள்ள நான் என்ன பைத்தியமா? வீடு ஊருக்கு வெளியே இருந்தது. தண்ணீர் லாரி வாரத்துக்கு ஒரு தடவைதான். குளிக்க அரை பக்கெட், அரிசி களைந்த தண்ணீர் வேப்பங்கன்றுக்கு. அந்தப் பெண் தம்ளரில் ஊற்றினால் ஒரு சொட்டு வெளியே விழாது.

சாப்பிடும்போது ராஜரத்தினம் மெதுவாக ஆரம்பித்தார்.

“ரங்கூன்ல கரண்டே இருக்காதாமே?”

“முறை வச்சு விடுவாங்கண்ணே. பழகிருச்சு” என்றேன். பொய் சொல்லிப் பெண் எடுக்க எனக்கு விருப்பமில்லை.

என் வீட்டுக்காரர் சும்மா இருக்கலாம் அல்லவா? “உங்க ஊர்ல கரண்ட் இருக்கு, தண்ணி இல்ல. எங்க ஊர்ல தண்ணி இருக்கு, கரண்ட் இல்ல. முடிச்சுப் போட்டா ரெண்டு ஊருக்கும் தீர்ந்துச்சு!” என்று சொல்லி அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. மேசைக்குக் கீழே அவர் காலை ஒரு மிதி மிதித்தேன்.

மறுநாள் முழுக்க ராஜரத்தினம் ஊர் சுற்றிக் காட்டினார். கோட்டை மஞ்சள் கல்லில் தகதகவென்று நின்றது. சும்மா பார்க்க மட்டும் வைத்திருக்கிற கோட்டை என்று நினைத்தேன்; உள்ளே போனால் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். துணி காய்கிறது, பிள்ளைகள் பம்பரம் விடுகிறார்கள், மாடு குறுக்கே படுத்துக்கொண்டு வழி விட மாட்டேன் என்கிறது. வியாபாரிகளின் பழைய மாளிகைகளில் கல்லைத் துணியில் பூவேலை செய்கிற மாதிரி செதுக்கி வைத்திருந்தார்கள். கடைத்தெருவில் என் வீட்டுக்காரர் சிவப்புத் தலைப்பாகை ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டார். கீழே பர்மா லுங்கி, மேலே ராஜஸ்தான் தலைப்பாகை. ஆன்மேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. நாங்கள் இருவரும் இப்படி ஊர் சுற்றி எத்தனை காலம்!

மணல்மேட்டுக்குப் போகும் வழியில் ஆளில்லாத கிராமம் ஒன்று. ஒரே ராத்திரியில் ஊரே எழுந்து போய்விட்டதாம். கூரை இல்லாத வீடுகள் வரிசையாக நின்றன. ராஜரத்தினம் ஒரு வாசலில் நின்று உள்ளே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போறவங்க போயிட்டாங்க. வீடு மட்டும் நிக்கி” என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கரண்ட்டும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. மகள் போய்விட்டால் மனிதருக்கு யாருமில்லை. மணல்மேட்டில் ஒட்டகம் ஏறியபோதுகூட என்னால் முழு மனதோடு கத்த முடியவில்லை.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் எங்களுக்கு ரயில். விடிந்தும் பதில் வரவில்லை. ராஜரத்தினம் முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நானும் ஆன்மேரியும் அடுப்படியில் இருந்தோம். திடீரென்று சளாரென்று சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தால், என் வீட்டுக்காரர் கையில் காலிக் குடம். ராஜரத்தினம் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருக்கிறார்.

“திஞ்சான் வாழ்த்துகள் சம்பந்தி!” என்கிறார் இவர், பல்லெல்லாம் தெரிய.

ரங்கூனில் திஞ்சானுக்குப் போலீஸ்காரர் மேல்கூட ஊற்றலாம், யாரும் கோபிக்கக் கூடாது. இது ரங்கூனா? மறுநாள் லாரி வரும்வரை வைத்திருந்த குடிதண்ணீர் அது. சம்பந்தியாம் சம்பந்தி! பெண்ணே இன்னும் தரவில்லை.

“மன்னிச்சிருங்கண்ணே!” என்று கையெடுத்துக் கும்பிட்டேன். “எங்க ஊர் வருஷப் பிறப்புத் திருவிழா இது. போன வருஷத்துக் கெட்டதெல்லாம் கழுவிட்டுப் போகட்டும்னு ஊத்துவோம். வேண்டப்பட்டவங்க மேலதான் ஊத்துவோம். இந்த மனுஷனுக்கு இடம் பொருள் கிடையாது...”

அவர் கண்ணாடியைக் கழற்றி உதறினார். ஆன்மேரி துண்டை நீட்டினாள்.

“வேண்டாம். காயட்டும்” என்றார். “காயிற வரைக்கும் யோசிச்சுக்கிடுதேன். காஞ்சதும் பதில் சொல்லிருதேன்.”

பாலைவனத்து வெயிலில் ஒரு சட்டை காய எவ்வளவு நேரமாகும்? நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். தோள்பட்டை முதலில் வெளுத்தது. பிறகு கை. அவர் முகத்தைப் பார்த்தால் ‘இல்லை’ என்று சொல்லப்போகிற முகமாகவே இருந்தது. மகள் பக்கமே திரும்பவில்லை. கர்த்தரே, இந்தக் காற்றைக் கொஞ்சம் நிறுத்தும் என்று வேண்டிக்கொண்டேன். காற்றாலை ஊரில் காற்றை நிறுத்தச் சொன்னால் நடக்கிற காரியமா? முதுகில் ஒரு கையகலம்தான் ஈரம் மிச்சம். அவர் தொண்டையைக் கனைத்தார்.

ஆன்மேரி விறுவிறுவென்று நடந்தாள். மூலையில் இருந்த பானையில் செம்பு நிறைய மொண்டாள். வந்து அப்பாவின் தலையில் அப்படியே கவிழ்த்தாள்.

“இன்னுங் கொஞ்சம் யோசிங்கப்பா” என்றாள்.

தண்ணீர் கட்டிலுக்குக் கீழே ஓடி மணலில் இறங்கியது. ராஜரத்தினம் அது இறங்கி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“பொறந்ததுல இருந்து ஒரு சொட்டு சிந்தாத பிள்ளைம்மா இது” என்றார்.

மகள் கையிலிருந்த செம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

“போதும் மக்கா. நீ ரங்கூன் போய்ச் சேந்துட்ட. நான்தான் இங்கன உக்காந்து யோசிச்சுக்கிட்டுக் கெடக்கேன்.”

அவள் துப்பட்டாவால் அவர் தலையைத் துவட்டத் தொடங்கினாள். அவர் சின்னப் பிள்ளை மாதிரி குனிந்து கொடுத்தார். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.