முள் நின்ற இடம்

வானொலிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் படம் எடுத்து வைக்கிற வழக்கம் மான்சுவுக்குக் கிடையாது. பழைய டிரான்சிஸ்டரைப் பேச வைக்கிற கிறுக்கு, வடக்கு எல்லையை ஒட்டிய கோஜின் துறைமுகத்தில் இன்னும் சில பேருக்கு இருந்தது. அவர்கள் ஒரு திருகைத் தளர்த்துவதற்குள் கைபேசியை எடுத்துப் பத்துப் படம் பிடிப்பார்கள். பக்கத்து வீட்டு சாங்தே அதில் கெட்டி. வலைக் கிழிசல் பொத்துகிற கையால் வானொலியையும் பொத்துவார்.

"ஒரு படம் புடிச்சு வையேன்யா. நாளைக்கு எந்தக் கம்பி எங்க இருந்துச்சுன்னு முழிக்கப் போற," என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார்.

"எது எங்க இருக்கணும்னு எனக்குத் தெரியும். எங்க இருந்துச்சுங்கிறது எனக்கெதுக்கு?" என்பார் மான்சு.

படகு இன்ஜினோடு நாற்பது வருஷம் மல்லுக்கட்டிய ஆள். பள்ளிக்கூடத்தில் மூன்றாவதைத் தாண்டவில்லை. வங்கியை நம்பமாட்டார், மருத்துவரை நம்பமாட்டார், கைபேசியைச் சுத்தமாக நம்பமாட்டார். இளவயசில் ஒரு தடவை அவரையும் விசாரணை என்று ஒரு அறைக்குக் கூட்டிப்போனார்கள். மூடுபனியில் எல்லை தாண்டிய படகு எதையாவது பார்த்தாயா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை என்றார். வெளியே வரும்போது கடைவாய்ப் பல் இரண்டு அங்கேயே தங்கிவிட்டது. அதற்கப்புறம் அவர் எவன் சொல்லையும் நம்பியதில்லை. தன் சொல்லை எவனும் நம்ப வேண்டும் என்று எதிர்பார்த்ததும் இல்லை.

கணவாய் மீன் காயப்போடுகிற பருவத்தில் ஒரு நாள் யங்ரான் வந்தாள். துறைமுக வாசலில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவள். அறுபதை நெருங்குகிறாள், கல்யாணம் ஆகவில்லை. கையில் ஒரு துணி மூட்டை. அவிழ்த்தால் பழைய டிரான்சிஸ்டர் ஒன்று, செங்கல் அளவு, தோல் உறை உப்பில் வெடித்திருந்தது.

"சித்தப்பா, இது அப்பாவோடது. அடுத்த மாசம் அவரு திதி. அன்னைக்கு ஒரு தடவை பேசிட்டாப் போதும்."

சொந்தமில்லை, ஊர் வழக்கத்தில்தான் சித்தப்பா. அவள் அப்பா கேப்டன் கில் தூஹொனை மான்சுவுக்குத் தெரியும். துறைமுகத்தில் தெரியாதவர் யார்? எல்லைக்கு அந்தப் பக்கத்து வடக்குக்காரர்கள் அவர் படகைப் பிடித்துப் போனார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க வைத்திருந்து திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்தவரை இங்கே உள்ள போலீஸார் பிடித்தார்கள். வடக்குக்கு உளவு பார்த்தார் என்று ஏழு வருஷம் உள்ளே வைத்தார்கள். வெளியே வந்த மனுஷன் கடலுக்குப் போகவில்லை, கரையிலும் ஒட்டவில்லை. குடித்தே போய்ச் சேர்ந்தார். அதைப் பற்றி யங்ரான் ஒரு வார்த்தை பேசவில்லை, மான்சுவும் கேட்கவில்லை. அந்தத் துறைமுகத்தில் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.

பெட்டி மோசமாகத்தான் இருந்தது. பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்திருந்தது, ஸ்பீக்கர் காகிதம் கிழிந்திருந்தது. மான்சு பச்சையைச் சுரண்டினார், கிழிசலில் சோற்றுக் கஞ்சி தடவி மெல்லிய தாள் ஒட்டினார், செத்துப்போன கண்டென்சர்களைப் பிடுங்கி வேறு வைத்தார். கடைசியாக முள்ளுக்கு வந்தார். நிலையத்தைக் காட்டுகிற முள்ளை இழுக்க உள்ளே ஒரு மெழுகு நூல் ஓடும். இந்தப் பெட்டியில் நூலைக் காணோம். அதற்குப் பதில் கணவாய்த் தூண்டிலுக்குப் போடுகிற தங்கூசி நரம்பு, படகில் போடுகிற முடிச்சோடு.

மான்சு தனியாகவே சிரித்தார். உப்புக் காற்றில் நூல் அறுந்திருக்கும், கேப்டன் கைக்கு எட்டியதைக் கட்டியிருப்பார். தங்கூசிக்கு வழவழப்பு அதிகம், சக்கரத்தில் பிடிக்காது, வழுக்கும். வழுக்கித்தான் இருந்தது. குமிழைக் கடைசி வரைக்கும் இடது பக்கம் திருப்பினால் முள்ளும் இடது ஓரத்துக்கு வந்து நிற்க வேண்டும். இது இரண்டு விரற்கடை வலப்புறம் தள்ளி நின்றது. முள் ஒரு ஊரைக் காட்ட, பெட்டி வேறு ஊரைப் பேசும். கேப்டன் முள்ளைப் பார்த்திருக்கவே மாட்டார், காதை வைத்தே பிடித்திருப்பார்.

தங்கூசியை வெட்டி எடுத்துக் கரி அடுப்பில் போட்டார். அது சுருண்டு, நாற்றமடித்து, ஒன்றுமில்லாமல் போயிற்று. புது மெழுகு நூல் கோத்து முள்ளை அதன் இடத்தில் மாட்டினார். தங்கூசி உரசி உரசிப் பெட்டியின் பிளாஸ்டிக் உள் விளிம்பில் ஒரு வாய்க்கால் விழுந்திருந்தது. அதையும் விடவில்லை. பற்பசையைத் துணியில் தொட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார், தடம் தெரியாமல் போகும்வரை. பேட்டரி போட்டதும் பெட்டி கணீரென்று பேசியது. ஒவ்வொரு நிலையமும் அதனதன் எண்ணில் வந்து நின்றது. இவ்வளவு சுத்தமான வேலை இந்த வருஷத்தில் அவர் செய்யவில்லை. சாங்தேயைக் கூப்பிட்டுக் காட்டினார்.

யங்ரான் பெட்டியை வாங்க வந்தபோது முகம் சரியில்லை. செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"சித்தப்பா, தொறந்துட்டீங்களா?"

"தொறக்காம எப்படிம்மா சரி பண்றது?"

அவள் தரையில் உட்கார்ந்தாள். தலைநகர் சோலிலிருந்து ஒரு வக்கீல் வந்துபோனதை மெதுவாகச் சொன்னாள். அப்பாவின் வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறாள். அதற்குப் புதுசாக ஒரு சாட்சி வேண்டுமாம். வழக்கு முடிந்து திருப்பித் தந்த வானொலி வீட்டில்தான் இருந்தது என்றதும், யாரையும் தொடவிடாதீர்கள் என்று வக்கீல் கத்தியிருக்கிறார். அப்புறம் பையிலிருந்து வழக்கு நகலில் இருந்த ஒரு படத்தை எடுத்து வைத்தாள். மேஜைமேல் இதே பெட்டி, பக்கத்தில் ஒரு அளவுகோல். கேப்டனைப் பிடித்த அன்றைக்குப் போலீஸார் எடுத்தது. முள் வலப்புறம் நின்றது. வடக்கின் நிலையம் அந்த எண்ணில்தான் வரும். தினமும் அதைக் கேட்டு உத்தரவு வாங்கினார் என்று தீர்ப்பில் எழுதியிருந்தார்கள்.

"உங்கப்பா என்ன சொன்னாரு?"

"முள்ளு பொய் சொல்லுது, நான் கேட்டது கடல் வானிலைன்னாரு. சாகிற வரைக்கும் அதையே சொன்னாரு. பேட்டரியைப் போட்டுக் கேளுங்கன்னு கெஞ்சுனாராம். யாரும் போடலை." அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "குடிச்சா ரொம்பச் சொல்லுவாரு. வாயை மூடுன்னு அம்மா அடிப்பாங்க. நானும் அதைத்தான் சொல்லியிருக்கேன். உளவாளி மகள்னு என் டீச்சர் வேலை போச்சு, பேசி வச்ச சம்பந்தம் போச்சு. முள்ளு பொய் சொல்லுமான்னு நான் அவரையே கேட்டிருக்கேன்."

மான்சு வாயைத் திறப்பதற்குள் அவள் குமிழைப் பிடித்துவிட்டாள். படத்தைப் பக்கத்தில் வைத்து, முள்ளை அதே இடத்துக்குக் கொண்டுவந்தாள். ஒரு இரைச்சல். அப்புறம் வடக்குக்கே உரிய அந்த உச்சக் குரலில் ஒரு பெண் பேசினாள். பின்னால் படை நடக்கிற பாட்டு. சுத்தமாக, ஒரு கரகரப்பில்லாமல் கேட்டது.

அவர் எழுந்து பெட்டியை அணைத்தார்.

"கேளு பொண்ணே. இது நான் வச்ச முள்ளு. உங்கப்பா வச்சிருந்தது தங்கூசி. அது வழுக்கி ரெண்டு விரல் தள்ளி நின்னுச்சு. இந்த எடத்துல முள்ளு நின்னப்ப வடக்கு வந்திருக்க முடியாது. வானிலைதான் வந்திருக்கும். என் கண்ணால பார்த்தேன்."

"தங்கூசி எங்க?"

அவர் அடுப்பைப் பார்த்தார்.

"படம் ஏதாவது?"

"எடுக்கலை."

"முள்ளு பொய் சொல்லுது, நான் சொல்றதைக் கேளுங்க," என்றாள் யங்ரான். அவளுக்குக் கோபம் இல்லை. அதுதான் அவரைக் குத்தியது. "அப்பாவும் இப்படியேதான் சித்தப்பா சொன்னாரு."

அவள் போனதும் மான்சு அடுப்புச் சாம்பலைத் தரையில் கொட்டி விரலால் துழாவினார். கடுகு அளவில் கறுப்பாக ஒரு உருண்டை அகப்பட்டது. தங்கூசியாகவும் இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம். வேலியருகே நின்று பார்த்த சாங்தே அன்றைக்குக் கேலி பேசவில்லை. அதைத் தீப்பெட்டியில் போட்டு வைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

நீதிமன்றத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுஷன், சாட்சி சொல்லப் போனார். யங்ரானின் வக்கீல்தான் வேண்டாம் என்றார், இவர் கேட்கவில்லை. அரசுத் தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார். வானொலி வேலை எங்கே கற்றீர்கள் என்றார். படகில் என்றார் மான்சு. முள்ளை இப்போது இருக்கிற இடத்தில் வைத்தது யார் என்றார். நான்தான். பழைய கயிறு என்ன ஆயிற்று? எரித்துவிட்டேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தீப்பெட்டியை நீட்டினார். அதிகாரி ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தார். பெட்டியைப் பரிசோதித்தவர்கள் எழுதிக் கொடுத்தது சுருக்கமாக இருந்தது. முள் துல்லியமாகக் காட்டுகிறது, எந்தப் பழுதும் இல்லை. அவர் வேலைக்கு அதைவிட நல்ல சான்று யாரும் தந்ததில்லை.

புதுச் சாட்சி எதுவும் இல்லை என்று மனுவைத் தள்ளினார்கள்.

அந்த வருஷத் திதி வழக்கு அலைச்சலிலேயே போயிற்று. அடுத்த வருஷத் திதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது யங்ரான் பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"பழையபடி பண்ணிக் குடுங்க."

"அதான் முடிஞ்சு போச்சேம்மா."

"கோர்ட்டுக்கு இல்ல."

மான்சு மெழுகு நூலை வெட்டினார். சாங்தேயின் பெட்டியிலிருந்து கணவாய்த் தங்கூசி வாங்கி, அதே படகு முடிச்சுப் போட்டு, சக்கரத்தில் தளர்வாகச் சுற்றினார். வேண்டுமென்றே கோணலாக ஒரு வேலை செய்வது அவருக்கு வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. கை ஒத்துழைக்கவில்லை. சரியான இடத்துக்கே முள் போய் நின்றது. திரும்பத் திரும்ப அவிழ்த்து, கடைசியில் அதை இரண்டு விரற்கடை தள்ளி நிறுத்தினார்.

திதியன்று சாயங்காலம் அவள் வீட்டில் மான்சுவைத் தவிர வேறு ஆள் யாரும் இல்லை. சொந்தக்காரர்கள் வருவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள். கேப்டன் படத்துக்கு முன்னால் சோறு, பேரிக்காய், உலர்ந்த மீன், ஒரு கிண்ணம் அரிசிச் சாராயம். வலது பக்கத்தில் வானொலி. யங்ரான் வழக்கு நகலில் இருந்த படத்தைத் தரையில் விரித்து, முள்ளை அதே இடத்துக்குத் திருப்பி, பெட்டியைப் போட்டாள்.

இரைச்சல் வந்தது. அப்புறம் ஒரு ஆண் குரல், தூக்கம் வருகிற மாதிரி, கிழக்குக் கடலின் நடுப்பகுதியில் காற்று வடமேற்கிலிருந்து வீசும், அலை இரண்டு மீட்டர் வரைக்கும் எழும், சிறு படகுகள் கவனமாக இருக்கவும் என்று படித்துக்கொண்டு போயிற்று.

அவள் முள்ளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது நீங்க வச்ச முள்ளுதானே சித்தப்பா?"

"ஆமா. நான் வச்சதுதான்."

"அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

"இப்படித்தான் இருந்துச்சு."

அவள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கேப்டன் உயிரோடு இருந்தபோது அவரையும் அவள் இப்படித்தான் பார்த்திருப்பாள் என்று மான்சுவுக்குத் தோன்றியது. அவள் நம்பினாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் திரும்பி வானொலியின் சத்தத்தைக் குறைத்தாள், அணைக்கவில்லை. கிண்ணத்திலிருந்த சாராயத்தை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, புதுசாக நிரப்பி அப்பா முன்னால் வைத்து, தரையில் நெற்றி பட வணங்கினாள்.