கல்லறைப் பூச்சாடி

என் வேலை கொசு வளர்ப்பது. சொன்னால் எங்கள் ஊர் திண்டுக்கல்லில் சிரிப்பார்கள். "நாங்க சும்மாவே வளக்குறோம், உனக்குச் சம்பளமா?" என்று கேட்பார்கள். மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். டெங்கு வைரஸ் புகுந்த கொசு ஏன் சாவதில்லை என்பதுதான் எங்கள் கேள்வி. அதன் உடம்பில் சில புரதங்கள் காவல் நிற்கின்றன. வைரஸை அவை ஒழித்துக்கட்டுவதில்லை, பெருகவிடாமல் அடக்கி வைக்கின்றன. அந்தக் காவலை நாங்கள் குலைத்தால் வைரஸ் கட்டுக்கடங்காமல் பெருகும்.

இதையெல்லாம் அக்கா சகாயராணியிடம் பேசவே மாட்டேன். போன வருஷ மழையில் டெங்கு வந்துதான் அவள் மகன் அமலன் போனான். இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான்.

கல்லறைத் திருநாளுக்கு அவளோடு போனேன். அமலன் தலைமாட்டில் ஒரு கண்ணாடிச் சாடி. வாராவாரம் வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுச் சம்பங்கி வைப்பாள். பழைய தண்ணீரை மட்டும் கொட்டமாட்டாள், அதன் மேலேயே புதுத் தண்ணீர் ஊற்றுவாள். மந்திரித்த தீர்த்தம் கலந்தது, காலில் மிதிபடக் கூடாதாம்.

"லிடியா, இதுக்குள்ள என்னமோ நெளியுதுடி."

பார்த்ததுமே தெரிந்தது, கொசுப்புழு. அவள் வீட்டு மாதா சுரூபத்தின் முன்னாலும் இதே மாதிரி ஒரு சாடி உண்டு. அமலன் அதன் கீழேதான் உட்கார்ந்து படிப்பான். அது மட்டும் அவளுக்கு உறைத்துவிடக் கூடாது.

"ஏதோ தண்ணிப்பூச்சிக்கா" என்றேன்.

"உனக்குப் பொய் சொல்ல வராது. கொசுதானே?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அந்தக் கிருமி கொசுவை ஒண்ணும் செய்யாதா?"

"பெருசா செய்யாதுக்கா. அடக்கி வைக்க அது உடம்புலயே வழி இருக்கு."

"இத்தினிக்காணு கொசுவுக்குக் குடுத்த ஆண்டவரு எம்புள்ளைக்குக் குடுக்கலையே."

சாடியை எடுத்துப்போய் வெயிலில் காய்ந்த மண்ணில் கவிழ்த்தாள். புழுக்கள் சற்று நேரம் துள்ளி அடங்கின. பார்த்துக்கொண்டே நின்றவள் சட்டென்று திரும்பினாள்.

"வீட்டுல மாதா முன்னாடியும் இப்படித்தானே ஊத்தி ஊத்தி வச்சேன்?"

"எந்தக் கொசு கடிச்சுச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுக்கா."

அது உண்மைதான். எங்கள் ஆய்வுக்கூடத்தாலும் முடியாது. ஆனால் அவள் கேட்டது அதையல்ல. காலிச் சாடியை முந்தானையால் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். சம்பங்கியை நான்தான் எடுத்து வெறுங்கல்லின் மேல் வைத்தேன்.