புளி போட்டுத் தேய்த்த மீன்கள்

விஜயதசமி அன்று காலை ஏழே முக்கால் மணிக்கு, சௌரிபாளையம் நாலாவது குறுக்குத் தெருவில், அரங்கசாமியின் காம்பவுண்டுக்குள் மட்டும் கடல் வந்து நின்றது. முழங்காலுக்கு ஒரு சாண் கீழே. கேட்டுக்கு வெளியே ரோடு காய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அங்கப்பனின் சுவரில் ஈரம்கூட ஏறவில்லை. தக்காளி கிலோ இருபத்தெட்டு ரூபாய் விற்ற வாரம் அது. கதவைத் திறந்த அரங்கசாமியின் மனைவி வெங்கடலட்சுமி முதலில் கவனித்தது கடலை அல்ல, கோலத்தை. ஐந்து மணிக்குப் போட்ட கோலம் தண்ணீருக்கு அடியில் ஒரு புள்ளி கலையாமல் இருந்தது. அதன் மேல் விரல் நீள மீன்கள் இரண்டு, இழை தவறாமல் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தன. அவள் சேலையைத் தூக்கிச் செருகி, செருப்புகளை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, அப்புறம்தான் கணவரைக் கூப்பிட்டாள்.

அரங்கசாமி இருபத்துநாலு வயதில் ஒரு மோட்டார் கம்பெனியின் ஆளாகத் தூத்துக்குடிக்குப் போனவர். படகு இன்ஜின் பழுது பார்க்கும் வேலை. பத்தொன்பது வருஷம் இருந்தார். சரிசெய்த இன்ஜின் ஓடுகிறதா என்று பார்க்க அவரும் படகில் ஏறியாக வேண்டும். ஏறியவர் சும்மா உட்கார முடியாமல் தூண்டில் கயிற்றைப் பிடித்தார். கயிற்று முனையில் புழுவோ இறாலோ கிடையாது, பொய் மீன்தான். மரத்தில் செதுக்கி, தலைக்குச் சிவப்பும் உடம்புக்கு வெள்ளையும் அடித்து, கண்ணாடிக் கண் பதித்தது ஒன்று. சுத்தியலால் தட்டிக் குழித்த பித்தளைத் தகடு, காம்பில்லாத கரண்டி மாதிரி, இன்னொன்று. ஈயத் தலையில் இறகு கட்டியதும் உண்டு. எல்லாம் அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் துறைமுகத்தில் விட்டுப் போனவை. படகு ஓட ஓட அவை பின்னால் மினுக்கிக்கொண்டு வரும். வஞ்சிரம், பாறை, ஊளி என்று பெரிய மீன்களெல்லாம் நிஜம் என்று நம்பிக் கவ்வும். கவ்விய பல் தடம் அப்படியே நிற்கும்.

ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பைத்தியம் விடவில்லை. உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் அப்துல் கையூம், கொச்சியிலிருந்து வரும் மூட்டைகளில் அப்படி ஏதாவது அகப்பட்டால் எடுத்து வைப்பார். "புதுசு ஆன்லைன்ல ஆயிரம் கெடைக்குதுங்கண்ணா. எல்லாம் பிளாஸ்டிக்கு. மீனை ஏமாத்தறதுக்கு முந்தி நம்மள ஏமாத்திப்போடுது" என்பார். ஒரு மரப்பெட்டியில் நாற்பத்திமூன்று சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அரங்கசாமி ஒவ்வொன்றாக எடுத்து, பல் தடத்தை விரலால் தடவி, அது எந்த நாள், என்ன காற்று, என்ன மீன் என்று சொல்லுவார். தானே மீன் பிடித்தவற்றின் நாளை ஞாபகத்திலிருந்து சொல்லுவார், கையூமிடம் வாங்கியவற்றின் நாளைக் கற்பனையிலிருந்து சொல்லுவார். இரண்டுக்கும் குரல் ஒன்றுதான். துடைக்க மட்டும் விடமாட்டார். பித்தளை கறுத்து, வெள்ளை பழுத்து, பெட்டிக்குள் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டிருந்தன.

எழுபது முடிந்த மறுமாதம், வீட்டை விற்றுவிட்டுத் தூத்துக்குடிக்கே போய்விடலாம் என்றார். கடைசிக் காலத்தில் காதில் அலை விழ வேண்டுமாம். கல்யாணமான புதிதில் ஆறு வருஷம் அந்த ஊரில் இருந்தவள் வெங்கடலட்சுமி. அலைச் சத்தத்தில் ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கியதில்லை. இங்கே கறிவேப்பிலை மரம் இருக்கிறது, சிறுவாணித் தண்ணீர் இருக்கிறது, இரண்டு தெரு தள்ளி அக்கா பங்காரம்மா இருக்கிறாள். ஆனால் நாற்பத்தோரு வருஷத்தில் அவள் கணவரிடம் மாட்டேன் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லத் தெரியவில்லை.

"வாய்ல என்னடி, கொழுக்கட்டையா? மாட்டேன்னு சொல்லிப்போடு" என்றாள் பங்காரம்மா.

"சொன்னா அவரு மொகம் எப்படிப் போவும்னு தெரியாதுக்கா."

"ஊட்ட வித்தா உன்ற மொகம் எப்படிப் போவும்னு எனக்குத் தெரியுமே."

வீடு வாங்குகிறவர் சூலூர்க்காரர். விஜயதசமி நல்ல நாள், அன்றைக்கே அட்வான்ஸ் தருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

முந்தின நாள் ஆயுத பூஜை. இந்த ஊரில் அன்றைக்குக் கழுவப்படாமல் எந்த இரும்பும் தப்பாது. லேத்து, தறி, ஸ்கூட்டர், கத்தரிக்கோல், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் குளியலும் சந்தனமும் உண்டு. இந்த வீட்டில் இதுதான் கடைசிப் பூஜை, எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று நினைத்த வெங்கடலட்சுமி, அரங்கசாமி கையூமிடம் சொல்லிக்கொண்டு வர உக்கடம் போன நேரத்தில், அலமாரியிலிருந்து மரப்பெட்டியை இறக்கினாள். மரத்தில் செய்தவற்றைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தாள். தகடுகளைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். நாற்பத்திமூன்றுக்கும் பொட்டு வைத்து, காய்வதற்குக் கொடிக்கயிற்றில் வரிசையாக மாட்டினாள். கொக்கி இருந்ததால் கிளிப் தேவைப்படவில்லை.

அந்த வீட்டில் பேச்சு தெலுங்கில், சண்டை தமிழில். திரும்பி வந்த அரங்கசாமி தமிழில் ஆரம்பித்தார்.

"என்ன காரியம் அம்மணி பண்ணிப்போட்ட! அம்பது வருஷத்துக் கறுப்பு அது!"

"கறுப்புன்னா அழுக்குதானுங்க. ஆயுதம் ஆயுதமாட்ட இருக்கோணும்."

"அது ஆயுதமில்ல. ஞாபகம்."

"அப்பறம் கொக்கி எதுக்குங்க?"

அவர் பொரிகடலையைத் தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். சாயங்கால வெயிலில், மேற்கேயிருந்து வந்த காற்றில், நாற்பத்திமூன்று பொய் மீன்களும் சுழன்று மின்னின. அங்கப்பன் வீட்டுச் சுவரெல்லாம் வெளிச்சத் துண்டுகள் நீந்தின. அந்த மினுக்கம் எவ்வளவு தூரம் போயிற்று என்று யாரும் அளக்கவில்லை. கடலுக்கும் இந்த ஊருக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் எப்போதும் திறந்துதான் கிடக்கிறது.

மறுநாள் காலை கடல் வந்தது. அரங்கசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, தலையாட்டினார். எட்டரைக்குத் தாம்பாளத்தோடு வந்த சூலூர்க்காரர் கேட்டில் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இங்க தண்ணி நிக்குமுங்களா?"

"நிக்கோணும்னுதான் ஆசைங்க. மன்னிச்சுக்கோங்க, ஊடு குடுக்கறதா இல்ல. கடலோரமா ஊடு கெடைக்கறது இப்பக் கஷ்டமுங்க" என்றார் அரங்கசாமி.

புரட்டாசி முடிய இன்னும் பதினைந்து நாள் இருந்ததால் தெருவில் யாரும் மீனைத் தொடவில்லை. மீன்களுக்கும் அது தெரிந்த மாதிரிதான் இருந்தது. அங்கப்பன் மட்டும், "கடலெல்லாம் செரீங்கண்ணா, என்ற ஸ்கூட்டர் துருப்புடிக்குது" என்று குறைப்பட்டார். ஸ்கூட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கிக் கொடுத்ததும் அடங்கினார். கையூம் வந்து பார்த்தார், பேண்ட்டை மடித்துக்கொண்டு ஒரு டீ குடித்தார், போய்விட்டார்.

ஆனால் பித்தளை மறுபடி மங்க ஆரம்பித்தது. எட்டாம் நாள் தண்ணீரும் கணுக்காலுக்கு இறங்கியது. பன்னிரண்டாம் நாள் கோலத்தில் ஈரம் மட்டும் இருந்தது. பதின்மூன்றாம் நாள், புதன்கிழமை காலை, அரங்கசாமி வாசற்படியில் உட்கார்ந்து, சூலூர்க்காரர் நம்பரைத் தேடினார். வெங்கடலட்சுமி பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாட்டேனுங்க" என்றாள். "நான் அங்க வரமாட்டேன். புளி இருக்குது."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். எந்த முகத்துக்கு அவள் இத்தனை வருஷம் பயந்திருந்தாளோ, அது அங்கே இல்லை; சற்று ஆச்சரியம், அவ்வளவுதான். "தேச்சுத் தேச்சுப் பல்லுத் தடமெல்லாம் போயிருமே அம்மணி."

"போனா மறுபடி கடிக்கட்டுமுங்க."

அவர் எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்து வந்து, தனக்கு மிகவும் பிடித்த, சுத்தியல் குழி விழுந்த பித்தளைத் தகட்டை முதலில் அவள் கையில் கொடுத்தார். இருவரும் உட்கார்ந்து மதியம் வரை தேய்த்து, எல்லாவற்றையும் மறுபடி கொடிக்கயிற்றில் மாட்டினார்கள். நாலு மணிக்குக் கடல் கொடிக்கயிறு வரை ஏறி வந்தது. தண்ணீருக்குள்ளே மூச்சு விட யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. வெங்கடலட்சுமி நாற்காலியில் உட்கார்ந்து, கூந்தல் மேலே மிதக்க, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது, கறிவேப்பிலை மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பாறை மீன் வளைந்து வந்து, அந்தப் பித்தளைத் தகட்டை ஒரு கடி கடித்து உதறிவிட்டுப் போயிற்று.

இப்போது கடல் தினமும் நாலு மணிக்கு ஏறி ஆறரைக்கு இறங்குகிறது. பங்காரம்மா அந்த நேரம் பார்த்துத்தான் வருகிறாள். முழங்கால் வலிக்கு நல்லதாம். அந்த வீட்டுக்கு மாதம் மூன்று கிலோ புளி ஆகிறது, கிலோ நூற்று அறுபது ரூபாய். வாரம் ஒருமுறை நாற்பத்திரண்டு பொய் மீன்களைத் தேய்க்கிறார்கள். புதன்கிழமை கடி பட்ட பித்தளைத் தகட்டை மட்டும் வெங்கடலட்சுமி தேய்ப்பதில்லை, அவரையும் தொடவிடுவதில்லை. அது நன்றாகக் கறுத்துக்கொண்டு வருகிறது.